உடைந்து வரும் முகம்: கண்ணாடி தேவையில்லாத முப்பரிமாணப் படம் முழுதாக வந்து சேர்வது எப்படி?

கனடாவிலிருந்து மகன் எடுக்கும் காணொளி அழைப்பில் முகம் திடீரென்று உறைந்து நிற்கும். வாயின் கீழ்ப்பாதி சதுரம் சதுரமாக உடையும். குரல் வரும், முகம் வராது. "கேக்குதோ? படம் நிண்டிட்டுது, வச்சிட்டுத் திருப்பி எடு" என்று சொல்லாத வீடு வடக்கு கிழக்கில் குறைவு. போரும் புலப்பெயர்வும் குடும்பங்களைப் பல நாடுகளுக்குப் பிரித்துப் போட்ட பின்னர், பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் பார்ப்பது பலருக்கு உள்ளங்கையளவு திரையில்தான் நடக்கிறது.

அந்தத் திரை மாறிக்கொண்டிருக்கிறது. கூகிள் நிறுவனம் 2021 மே மாதத்தில் 'புரொஜெக்ட் ஸ்டார்லைன்' என்ற தொடர்பாடல் முறையை அறிமுகப்படுத்தியது. எதிரே இருப்பவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்திருப்பது போல, உயிரளவில், ஆழத்தோடு தெரிவார். பார்ப்பவர் விசேட கண்ணாடி எதுவும் அணியத் தேவையில்லை. 2025இல் இது 'கூகிள் பீம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எச்.பி. நிறுவனம் தயாரித்த முதல் சாதனத்தின் விலை 24,999 அமெரிக்க டொலர். இன்றைக்கு அது பெரிய நிறுவனங்களின் கூட்ட அறைக்கு உரிய பொருள். ஆனால் காணொளி அழைப்பும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

விலை இறங்கலாம். அதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று. ஒரு தட்டையான படமே உடைந்து வரும் பாதையில், இரண்டு கண்களுக்கும் வெவ்வேறு படம் தேவைப்படும் முப்பரிமாணக் காட்சி எப்படி ஒழுங்காக வந்து சேரும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான விடையை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

இரண்டு கண், இரண்டு படம்

நமது கண்கள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்ரிமீற்றர் தூரம் உண்டு. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரோடு ஒப்பிடும்போது விரல் இடம் மாறும். இரண்டு கண்களும் காணும் இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. இதை 1838இல் பிரித்தானிய விஞ்ஞானி சார்ள்ஸ் வீட்ஸ்டன் நிரூபித்தார். ஒரே பொருளைச் சற்று வெவ்வேறு கோணங்களில் வரைந்த இரு படங்களைக் கண்ணாடிகள் மூலம் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டியபோது, தட்டையான கோடுகள் திரண்ட பொருளாகத் தெரிந்தன.

திரையரங்கில் தரப்படும் 3டி கண்ணாடி செய்யும் வேலையும் இதுதான்: இடது படம் இடது கண்ணுக்கு, வலது படம் வலது கண்ணுக்கு. அந்த வேலையைத் திரையே செய்துவிட்டால் கண்ணாடி தேவையில்லை. அமெரிக்கரான பிரெடெரிக் ஐவ்ஸ் 1903இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரு படங்களையும் மெல்லிய நிரல்களாக நறுக்கி, இடது, வலது, இடது, வலது என மாறி மாறி ஒட்டி, அதற்கு முன்னால் நெருக்கமான கறுப்புக் கோடுகள் கொண்ட தடுப்பை வைத்தார். வேலி இடுக்கால் பார்ப்பது போல ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய நிரல்கள் மட்டும் தெரிந்தன. 1908இல் பிரான்ஸ் பௌதிகவியலாளர் காப்ரியேல் லிப்மன் இன்னொரு வழியை முன்வைத்தார். ஈயின் கண்ணைப் போல நுண்ணிய வில்லைகள் நிறைந்த ஒரு தகட்டால் ஒளியை அது வரும் திசையோடு சேர்த்துப் பதிவது அவரது யோசனை. இன்றுள்ள வெற்றுக்கண் முப்பரிமாணத் திரைகள் பெரும்பாலும் இந்த இரு யோசனைகளின் வழிவந்தவை.

2011இல் வெளிவந்த நிண்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுச் சாதனம் முதல் வகை. அதன் மேல்திரையில் இருந்த 800 நிரல்களில் 400 இடது கண்ணுக்கும் 400 வலது கண்ணுக்கும் பகிரப்பட்டன. தலையைச் சற்று அசைத்தால் ஆழம் கலைந்துவிடும். அதனால் பல கோணக் காட்சிகளைக் காட்டும் திரைகள் உருவாகின. 2018இல் வந்த 'லுக்கிங் கிளாஸ்' திரை ஒரே நேரத்தில் 45 கோணங்களைக் காட்டியது. பார்ப்பவர் நகர நகர அடுத்தடுத்த காட்சிகள் கண்ணுக்குக் கிடைக்கும்.

நமது வாசகர்களில் சிலருக்கு இந்த இடம் முக்கியமானது. செல் சிதறலாலோ கண்ணிவெடியாலோ ஒரு கண்ணை இழந்தவருக்கு இரண்டு படம் மட்டும் காட்டும் 3டி திரையால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் ஒற்றைக் கண்ணும் தலையை அசைக்கும்போது ஆழத்தை உணரும். பேருந்து யன்னலால் பார்த்தால் அருகிலுள்ள மின்கம்பம் விரைவாக ஓடும், தூரத்துப் பனைகள் மெதுவாக நகரும். பல கோணத் திரை அந்த அசைவையும் தருகிறது. ஆகவே அவருக்கும் அதில் ஆழம் தெரியும்.

எவ்வளவு தரவு?

முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 நிரல், 1080 வரி. மொத்தம் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 50 மில்லியன் பிட். செக்கனுக்கு 30 படம் என்றால் 1,500 மில்லியன் பிட். இது ஒரு கோணத்துக்கு மட்டும். இரண்டு கோணம் என்றால் இரட்டிப்பு, ஒன்பது கோணம் என்றால் ஒன்பது மடங்கு. நமது வீட்டு இணைப்புகள் இதன் அருகில்கூட வரா.

எனவே படத்தை நெருக்கித்தான் அனுப்ப வேண்டும். நெருக்குவதன் அடிப்படை, ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் விடுவது. பேசிக்கொண்டிருப்பவரின் பின்னாலுள்ள சுவர் மாறவில்லை என்றால் அதை மீண்டும் அனுப்பத் தேவையில்லை. உதடு அசைந்தால் அந்த அசைவை மட்டும் அனுப்பினால் போதும். முப்பரிமாணத்தில் இன்னொரு சிக்கனமும் சாத்தியம். இடது கண் காணும் காட்சியும் வலது கண் காணும் காட்சியும் பெரும்பாலும் ஒன்றே. எனவே இடது படத்தை முழுமையாக அனுப்பி, வலது படத்துக்கு வேறுபாட்டை மட்டும் அனுப்பலாம். 2009 இறுதியில் அறிவிக்கப்பட்ட புளூரே 3டி தட்டுகள் இந்த முறையைத்தான் பயன்படுத்தின.

மற்றொரு வழி, ஒரு சாதாரண வண்ணப் படத்தோடு ஓர் 'ஆழப் படத்தையும்' அனுப்புவது. ஆழப் படம் என்பது சாம்பல் நிறப் படம். கமராவுக்கு அருகில் இருப்பவை வெளிறித் தெரியும், தொலைவில் இருப்பவை கறுத்துத் தெரியும். இந்த இரண்டையும் வைத்து, தேவையான கோணங்களைப் பெறுபவரின் கருவியே கணித்து வரைந்துகொள்ளும்.

சங்கக்கடைக் கணக்கு

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு சங்கக்கடையின் இருப்புக் கொப்பியை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் மொத்த இருப்பை எண்ணி எழுதுகிறார்கள். அடுத்த நாளிலிருந்து 'அரிசி இரண்டு மூட்டை குறைவு, சீனி ஒரு மூட்டை கூட' என்று வேறுபாட்டை மட்டும் எழுதுகிறார்கள். எழுத்து வேலை மிச்சம். ஆனால் செவ்வாய்க்கிழமைப் பக்கம் கிழிந்து போனால், அதற்குப் பின்வரும் எல்லா நாள்களின் கணக்கும் பிழைக்கும். மறுபடி மூட்டைகளை முழுதாக எண்ணும் நாள் வரை அந்தப் பிழை தொடரும்.

காணொளி அழைப்பில் முகம் உடைந்து, சில செக்கன்கள் அப்படியே இழுபட்டு, பின்னர் திடீரென்று தெளிவது இதனால்தான். தெளியும் அந்தக் கணத்தில் ஒரு முழுப்படம் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. நெருக்கம் கூடக் கூடப் படம் உடையும் தன்மையும் கூடுகிறது. முப்பரிமாணத்தில் ஒவ்வொரு படமும் நேற்றைய படத்தை மட்டுமன்றிப் பக்கத்துக் கண்ணின் படத்தையும் நம்பி நிற்கிறது. எனவே ஒரு பிழை காலத்தின் வழியாகவும் பரவும், கண் விட்டுக் கண்ணுக்கும் பரவும்.

பாதையில் நடப்பது என்ன?

இணையத்தில் படம் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஏறத்தாழ 1,500 பைட் அளவுள்ள பொதிகளாகப் பிரிந்து போகிறது. கம்பியில்லா இணைப்பில் மழை, சுவர், தூரம், மற்றவர்களின் சமிக்ஞை ஆகியவை பிட்டுகளைக் கெடுக்கும். நெரிசல் கூடும்போது இடைவழியிலுள்ள கருவிகள் பொதிகளைக் கைவிடும். இந்த இழப்புகள் மழைத்தூறல் போல ஒரேசீராக விழுவதில்லை. சிறிது நேரம் ஒன்றுமில்லை, பிறகு ஒரு கொத்து முழுதாகப் போய்விடும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நூறு பொதிகளில் இரண்டு தொலையும் பாதை என்று வைப்போம். ஒரு கோணப் படத்துக்குப் பத்துப் பொதி தேவை என்றால், அந்தப் படம் குறையின்றி வந்து சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். இரண்டு கோணத்துக்கு இருபது பொதி: வாய்ப்பு 67 சதவீதம். ஒன்பது கோணத்துக்குத் தொண்ணூறு பொதி: 16 சதவீதம் மட்டுமே. பாதை அதேதான். ஆனால் தட்டைப் படம் தாங்கிக்கொண்ட பாதையில் முப்பரிமாணப் படம் ஆறுக்கு ஐந்து தடவை குறையோடு வந்து சேரும்.

தொலைந்ததை மீண்டும் அனுப்பச் சொல்லலாமே என்று கேட்கலாம். மின்னஞ்சலும் கோப்பும் அப்படித்தான் பயணிக்கின்றன. நேரடி உரையாடலுக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் பேசியது மற்றவரை அடைய 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகச் சமிக்ஞை ஏறி இறங்கவே கிட்டத்தட்ட 240 மில்லிசெக்கன் ஆகும். அந்த வழியில் 'பொதி வரவில்லை' என்று திருப்பிக் கேட்டு அது வந்து சேர்வதற்குள் மேலும் அரைச் செக்கன் போய்விடும். அதற்குள் பதினான்கு படங்கள் கடந்துவிட்டிருக்கும்.

செவ்வாயிலிருந்து கிடைத்த பாடம்

மோசமான பாதையில் படம் அனுப்பும் கலையை உலகம் விண்வெளியில்தான் கற்றது. 1965 ஜூலையில் நாசாவின் மரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று படமெடுத்தது. ஒரு படத்தில் 200 வரி, வரிக்கு 200 புள்ளி, புள்ளிக்கு 6 பிட். மொத்தம் 240,000 பிட். விண்கலம் அனுப்பிய வேகம் செக்கனுக்கு எட்டு பிட்டுக்குச் சற்று அதிகம். ஒரு படம் வந்து சேர எட்டு மணித்தியாலம் ஆனது. காத்திருக்கப் பொறுமையில்லாத பொறியியலாளர்கள், வந்த இலக்கங்களைக் காகிதக் கீற்றுகளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, வண்ணக் கட்டிகளால் கையால் நிறம் தீட்டி முதல் படத்தைப் பார்த்தார்கள். பிழை வந்தால் கண்டுகொள்வதற்காக எல்லாப் படங்களும் இரண்டு தடவை அனுப்பப்பட்டன.

இரண்டு தடவை சொல்வதுதான் பிழை திருத்தத்தின் மிகப் பழைய வடிவம். ஆனால் அது வீண்செலவு. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன் இன்னும் நல்ல வழி இருக்க வேண்டும் என்று நிறுவினார். எந்தப் பாதைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குக் குறைவான வேகத்தில், சரியான முறையில் குறியீடு செய்து அனுப்பினால், பிழையின் வாய்ப்பை விரும்பிய அளவுக்குக் குறைக்கலாம் என்பது அவரது கோட்பாடு. 1950இல் ரிச்சர்ட் ஹமிங், நான்கு தரவுப் பிட்டுகளோடு மூன்று சோதனைப் பிட்டுகளைச் சேர்த்து, ஏழில் எந்த ஒன்று கெட்டாலும் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறையை வெளியிட்டார். 1971இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9, ஒவ்வொரு 6 பிட்டையும் 32 பிட்டாக விரித்து அனுப்பியது. அந்த 32இல் ஏழு கெட்டாலும் மூலத்தை மீட்க முடிந்தது. அது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது.

தொலைந்ததைக் கணக்கிட்டு எடுப்பது

இந்த மீட்பு எப்படி நடக்கிறது? மூன்று பொதிகளில் 14, 9, 21 என்ற எண்கள் போகின்றன என்று வைப்போம். நான்காவதாக அவற்றின் கூட்டுத்தொகை 44ஐயும் அனுப்புகிறோம். 9 தொலைந்துவிட்டது. 44இலிருந்து 14ஐயும் 21ஐயும் கழித்தால் 9 திரும்பக் கிடைக்கிறது. யாரிடமும் மீண்டும் கேட்கத் தேவையில்லை, காத்திருக்கவும் தேவையில்லை.

1960இல் ஏர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் என்ற இருவர் இந்த யோசனையைப் பெரிதாக விரித்தார்கள். தொண்ணூறு பொதிகளோடு பத்துக் காப்புப் பொதிகளைச் சேர்த்தால், அந்த நூறில் எந்தப் பத்து தொலைந்தாலும் எல்லாவற்றையும் மீட்கலாம். முன்னர் பார்த்த ஒன்பது கோணக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். இழப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நேரும் பாதையில், ஒரு படம் குறையோடு வரும் வாய்ப்பு நூறாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதற்காகக் கூடுதலாக அனுப்பியது பதினொரு சதவீதம்தான்.

இழப்பு கொத்தாக வருவதற்கும் மருந்து உண்டு. தரவை வரிவரியாக எழுதி, நிரல்நிரலாக வாசித்து அனுப்பினால், வழியில் ஒரு கொத்து தொலைந்தாலும் ஒவ்வொரு வரியிலும் ஓரிரு எழுத்தே குறையும். ஓரிரு எழுத்தைத் திருத்துவது எளிது. 1982இல் வந்த இசைத்தட்டான சி.டி. இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியது. தட்டில் இரண்டரை மில்லிமீற்றர் நீளத்துக்குக் கீறல் விழுந்தாலும் பாட்டு ஒரு குறையுமின்றி ஒலிப்பதன் காரணம் அதுதான். கடைகளில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீடு ஓரம் கிழிந்தும் வேலை செய்வது இதே ரீட், சொலமன் முறையால்.

இரண்டு கண்ணுக்கு உரிய தனிச் சிக்கல்

இதுவரை சொன்னவை எந்தப் படத்துக்கும் பொருந்தும். முப்பரிமாணத்தில் பிழையின் விளைவே வேறு. தட்டைப் படத்தில் ஒரு சதுரம் உடைந்தால் அந்த இடம் மட்டும் அசிங்கமாகத் தெரியும். முப்பரிமாணத்தில் அந்தச் சதுரம் ஒரு கண்ணில் மட்டும் உடைகிறது. இரண்டு கண்களும் ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று முரணான செய்தியைக் கொடுக்க, மூளை ஒரு கணம் ஒன்றையும் மறுகணம் மற்றதையும் ஏற்கும். அந்த இடம் மினுங்கும், ஆழம் குலையும். தொடர்ந்து பார்த்தால் கண் களைக்கும், தலை வலிக்கும்.

ஆனால் எல்லாக் குறையும் ஒரே மாதிரியல்ல. ஒரு கண்ணின் படம் சற்று மங்கலாக இருந்தால் மூளை தெளிவான கண்ணின் பக்கம் சாய்ந்து சமாளித்துக்கொள்கிறது. இதை அறிந்த பொறியியலாளர்கள், ஒரு கண்ணுக்கு முழுத்தரமும் மற்றதற்குக் குறைந்த தரமும் அனுப்பித் தரவை மிச்சப்படுத்துகிறார்கள். மங்கலை மூளை மன்னிக்கும். இடம் பெயர்ந்த கட்டங்களை, குறிப்பாக மேலும் கீழுமாக நகர்ந்தவற்றை, அது மன்னிப்பதில்லை.

ஆழப் படத்துக்கும் தனி இயல்பு உண்டு. சுவரின் நடுவே ஒரு சிறு பிழை நேர்ந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். முகத்தின் விளிம்பில் நேர்ந்தால் காது பின்சுவரில் ஒட்டிக்கொள்ளும், அல்லது மூக்கு முன்னால் பிதுங்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. இடது, வலது நிரல்களைத் திரைக்கு ஏற்றபடி முன்கூட்டியே பின்னி ஒரே படமாக அனுப்பினால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக எடுத்து, அடுத்தடுத்த புள்ளிகள் ஒத்திருக்கும் என்று நம்பி நெருக்குகிறது. பின்னிய படத்திலோ அடுத்த நிரல் மற்றக் கண்ணுக்கு உரியது. நெருக்கும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று கசிந்து ஆழம் அழிந்துவிடும். அதனால் கோணங்களைத் தனித்தனியாக அனுப்பி, பெறும் இடத்தில் பின்னுவதே பாதுகாப்பு. நிண்டெண்டோ 3டிஎஸ் தனது முப்பரிமாணப் படங்களை இரண்டு தனி ஜேபெக் படங்களாக ஒரே கோப்பில் சேமித்தது இப்படித்தான்.

எதை முதலில் காப்பாற்றுவது?

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு காவல் போட முடியாது. எனவே முன்கூட்டியே ஓர் ஒழுங்கை வகுக்கிறார்கள். படத்தின் அளவு, கோணங்களின் எண்ணிக்கை போன்ற தலைப்புத் தகவல்களுக்கு மிகக் கூடிய காவல். அவை போனால் வந்த மற்றதெல்லாம் வெறும் இலக்கங்கள். அடுத்து அடிப்படைக் கோணம். ஒரு கோணத்தை வேறெந்தக் கோணத்தையும் நம்பாமல் தனித்து விரிக்கக்கூடியதாக வைத்து, அதற்குக் காப்புப் பொதிகளை அதிகம் ஒதுக்குகிறார்கள். பாதை மிக மோசமானால் ஆழம் போகும். ஆனால் முகம் தட்டையாகவேனும் தெளிவாக நிற்கும். உடைந்த முப்பரிமாணத்தை விட ஒழுங்கான தட்டைப் படம் நல்லது.

மூன்றாவது வழி, இழப்பு ஓரிடத்தைத் தாண்டிப் பரவாமல் அணை கட்டுவது. 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்சூனிட்டி ஊர்திகள் இரட்டைக் கமராவால் எடுத்த படங்களிலிருந்துதான் தரையின் மேடு பள்ளம் கணிக்கப்பட்டது. அவற்றுக்காக நாசா உருவாக்கிய 'ஐசர்' முறை, ஒவ்வொரு படத்தையும் தனித்தனித் துண்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சுயமாக நெருக்கியது. ஒரு துண்டம் தொலைந்தாலும் மற்றவை பிழைத்தன. நான்காவது வழி, இரட்டைப்படை எண் கொண்ட படங்களை ஒரு பாதையிலும் ஒற்றைப்படை எண் கொண்டவற்றை இன்னொரு பாதையிலும் அனுப்புவது. ஒரு பாதை அறுந்தாலும் அசைவு சற்றுத் தத்தித் தத்தித் தொடரும்.

எவ்வளவு இழப்பை மனிதக் கண் பொறுக்கும் என்பதைக் கணிதம் மட்டும் சொல்லாது. அதை மனிதரிடமே கேட்டறிய வேண்டும். இந்த ஆய்வில் இலங்கையருக்கும் பங்குண்டு. றுகுணு பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சாமிந்த ஹேவகே, அங்குள்ள சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, வண்ணப் படமும் ஆழப் படமும் சேர்ந்த காணொளியைப் பற்றியது. நெருக்கத்தாலும் பொதி இழப்பாலும் தரம் குறைந்த காட்சிகளைப் பார்வையாளருக்குக் காட்டி, அவர்களது மதிப்பீட்டைக் கணித அளவீடுகளோடு ஒப்பிட்டது.

நிரப்பப்பட்ட இடம்

எல்லாக் காவலையும் மீறிச் சில பகுதிகள் வராமலே போகும். அப்போது பெறும் கருவி அந்த இடத்தை ஊகித்து நிரப்புகிறது. முந்தைய படத்தின் அதே பகுதியை ஒட்டுகிறது, அல்லது மற்றக் கண்ணின் படத்திலிருந்து பொருத்தமான பகுதியை நகர்த்தி வைக்கிறது. இது முப்பரிமாணத்துக்கே உரிய ஒரு நன்மை. ஒரு கண் இழந்ததைப் பெரும்பாலும் மற்றக் கண் பார்த்திருக்கும். எந்தக் கமராவும் காணாத மறைவிடங்களை மட்டும் முழு ஊகத்தால் நிரப்ப வேண்டியிருக்கும். கூகிள் பீம் ஆறு கமராக்களின் படங்களைச் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு இணைத்தே முப்பரிமாண உருவத்தைக் கட்டுகிறது.

அம்மாவின் முகத்தைப் பார்க்கும் அழைப்பில் இந்த ஊகம் ஒரு குற்றமல்ல. காது மடலின் ஒரு விளிம்பு ஊகிக்கப்பட்டதா, உண்மையில் வந்ததா என்று நாம் கேட்கப்போவதில்லை. ஆனால் தொலைவிலுள்ள மருத்துவர் ஆறாத காயம் ஒன்றின் ஆழத்தைத் திரையில் பார்க்கும்போது அந்தக் கேள்வி எழ வேண்டும். நடந்த சம்பவத்துக்கு ஒரு படம் சாட்சியாக வைக்கப்படும்போது இன்னும் கட்டாயமாக எழ வேண்டும். வராத பகுதியில் கருவி வரைந்ததை எவரும் சாட்சியாகக் கொள்ள முடியாது. இதில் கவனிக்க வேண்டியது, எந்தக் கட்டம் வந்தது, எந்தக் கட்டம் நிரப்பப்பட்டது என்பது பெறும் கருவிக்கு நன்றாகத் தெரியும் என்பதே. அது நமக்குக் காட்டப்படுவதில்லை. மருத்துவத்துக்கும் சாட்சியத்துக்கும் பயன்படும் கருவிகளில் அந்தக் குறிப்பு திரையிலும் பதிவிலும் இருக்க வேண்டும்.

இன்றைய சாதாரணப் படங்களுக்கும் இது பொருந்தும். செய்திச் செயலிகள் படத்தை அனுப்பும்போது வழக்கமாக மறுபடி நெருக்கிவிடுகின்றன. எடுத்த நேரம், இடம் போன்ற விபரங்களும் அகன்றுவிடலாம். பிற்காலத்தில் ஆதாரமாகத் தேவைப்படக்கூடிய படம் என்றால் அதைப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். மூலக் கோப்பை எடுத்த கருவியிலும் வேறொரு இடத்திலும் திருத்தாமல் வைத்திருங்கள். நேரடி அழைப்பின் திரைப்பதிவை மூலப் படத்துக்கு ஈடாகக் கருதவேண்டாம். நேரடி அழைப்பு வேகத்துக்காகச் சிலவற்றை இழக்கத் தயாராகக் கட்டப்பட்டது. கோப்பு தாமதமானாலும் ஒவ்வொரு பிட்டாகச் சரிபார்க்கப்பட்டு வருவது.

இப்போது எங்கே நிற்கிறது?

வெற்றுக்கண் முப்பரிமாணம் ஏற்கெனவே ஒருமுறை எழுந்து விழுந்த தொழில்நுட்பம். 2011இல் முப்பரிமாணத் திரை கொண்ட கைத்தொலைபேசிகள் வந்தன, நிலைக்கவில்லை. நிண்டெண்டோ 3டிஎஸ் தயாரிப்பு 2020இல் நிறுத்தப்பட்டது. இம்முறை பார்ப்பவரின் கண்கள் இருக்கும் இடத்தைப் பின்தொடர்ந்து, அந்த இடத்துக்குத் தேவையான காட்சியை மட்டும் உருவாக்கும் முறை வந்திருக்கிறது. ஸ்டார்லைன் உருவாக்குநர்கள் 2021இல் வெளியிட்ட விபரப்படி, பல வண்ணப் படங்களையும் ஆழப் படங்களையும் நெருக்கி அனுப்ப அதற்குச் செக்கனுக்கு 30 முதல் 100 மெகாபிட் வரை தேவைப்பட்டது. உடுப்பின் பூவேலைப்பாடும் கையசைவும் கூடினால் தேவையும் கூடும். நல்ல பைபர் இணைப்பில் இது சாத்தியம். மாலை நேர நெரிசலில் தடுமாறும் கைத்தொலைபேசி இணைப்பில் இது நெடுநேரம் நிலைக்காது.

ஆகவே இந்தத் தொழில்நுட்பம் கிராமங்களுக்கு வரும் காலத்தில் அதன் தரத்தை மதிப்பிடக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இணைப்பு குறையும்போது அது ஒழுங்காகத் தட்டைப் படத்துக்கு இறங்குமா, அல்லது இரண்டு கண்களையும் குழப்புமா? ஒரு கண்ணால் பார்ப்பவருக்கும் ஆழத்தைத் தருமா? வந்தது எது, நிரப்பியது எது என்பதைச் சொல்லுமா? கடையில் திரையின் அகலத்தையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் சொல்லி விற்பார்கள். இந்த மூன்றும் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்காது, கேட்டுத்தான் அறியவேண்டும்.

அதுவரைக்கும், முகம் உறைந்து நிற்கும்போது அழைப்பை உடனே துண்டிக்கத் தேவையில்லை. சில செக்கன் பொறுத்தால் அடுத்த முழுப்படம் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் கமராவை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். குரலுக்குப் படத்தை விட மிகக் குறைந்த தரவே போதும். பாதை எவ்வளவு மோசமானாலும் அது கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.